கண்காணிப்பும் கண்ணோட்டமும்: பணியிடப் படப்பதிவு குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

உழைப்புக்குக் கூலி கொடுப்பவர், உழைப்பவரைப் படம்பிடிக்கும் உரிமையையும் அக்கூலியாலேயே பெற்றுவிடுகிறாரா என்னும் வினா இன்று தொழிற்சாலை, துணிக்கடை, வங்கி, பள்ளி, பல்கலைக்கழகம் எனப் பணியிடங்கள் பலவற்றிலும் எழுந்துள்ளது. கேமராவின் விலை குறைந்ததும், பதிவுகளைச் சேமித்து வைப்பது எளிதானதும் இவ்வினாவைப் பரவலாக்கின. எனினும் இது கருவியைப் பற்றிய வினா மட்டுமன்று. ஒருவர் மற்றொருவரைப் பார்ப்பதில் அடங்கியுள்ள அதிகாரத்தைப் பற்றிய வினாவாகும். சட்டம் இதனை முதலாளியின் உரிமைக்கும் தொழிலாளியின் உரிமைக்கும் இடையிலான மோதலாகக் காண்கிறது. அறவியல் நோக்கில் இது பார்வையின் தன்மை பற்றிய சிக்கலாகும். திருக்குறளின் பொருட்பால் ஆள்வோரின் பார்வையை இருவேறு அதிகாரங்களில் இருவேறு தன்மையுடையதாகக் காட்டுகிறது. அவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, பணியிடப் படப்பதிவில் தொழிலாளர்க்கு உரியன யாவை என்பதை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

கண்ணும் கண்காணியும்

பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் வெருவந்த செய்யாமை 57ஆம் அதிகாரமாகவும், கண்ணோட்டம் 58ஆம் அதிகாரமாகவும், ஒற்றாடல் 59ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. குடிகள் அஞ்சுவன செய்யாமையை முதலில் வலியுறுத்தி, அடுத்துக் கண்ணின் இரக்கத்தைக் கூறி, அதன் பின்னரே ஒற்றினைக் கூறும் இவ்வரிசை கருதத்தக்கது. ஒற்றும் நூலும் மன்னனுக்குக் கண்கள் என்கிறது ஒற்றாடலின் முதற்குறள். அதற்கு முந்தைய அதிகாரமோ, கண்ணோட்டம் இல்லாத கண் முகத்தில் இருந்தும் என்ன பயன் என்று வினவுகிறது. அறிவதற்கான கண் ஒன்று. அறிந்தும் இரங்குவதற்கான கண் மற்றொன்று. முன்னது இன்றி ஆட்சி நடவாது என்பதை வள்ளுவர் மறுக்கவில்லை. பின்னது இன்றி முன்னது கண்ணாகவே ஆகாது என்பதும் அவர் கருத்தாதல் இவ்வைப்பினால் பெறப்படும்.

கண்காணித்தல் என்னும் சொல்லுக்குத் தமிழில் தொழில் சார்ந்த நீண்ட வரலாறு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் கூலிகளை ஊரிலிருந்து திரட்டிச் சென்று மேற்பார்த்தவன் கண்காணி, பேச்சு வழக்கில் கங்காணி, எனப்பட்டான். முன்பணத்தால் கூலிகளைக் கடனில் பிணித்தவனும் அவனே. ஆதலின் அம்முறையைப் போற்றுவதற்கில்லை. ஆயினும் கங்காணி ஒரு மனிதன். அவன் எப்போது பார்க்கிறான், எப்போது பார்க்கவில்லை என்பதைக் கூலி அறிவான். அவனிடம் கெஞ்சலாம், அவன்மீது குற்றம் சாட்டலாம், அவனும் எப்போதேனும் பாராததுபோல் இருந்துவிடக்கூடும். கேமரா என்னும் புதிய கங்காணியிடம் இம்மூன்றிற்கும் இடமில்லை. அதன் பின்னால் யார் அமர்ந்திருக்கிறார், அல்லது யாரும் அமர்ந்திருக்கிறாரா என்பதே பார்க்கப்படுபவருக்குத் தெரிவதில்லை.

முதலாளியின் பார்வை: வரலாற்றுப் பின்னணி

எல்லாரையும் ஓரிடத்திலிருந்து காணத்தக்க வட்டவடிவக் கட்டடத்தைச் சிறைச்சாலைக்குரிய கருத்தாகவே பலரும் அறிவர். ஜெரமி பெந்தாமின் பெயரோடும், 1975இல் வெளிவந்த மிஷல் ஃபூக்கோவின் நூலோடும் அது இணைத்துப் பேசப்படுகிறது. ஆனால் அதன் தோற்றம் சிறையில் இல்லை. இன்றைய பெலாரசில் உள்ள கிரிச்செவ் என்னுமிடத்தில், 1780களில், பொட்டெம்கினின் பண்ணைத் தொழிற்கூடங்களில் பணிபுரிந்தோரை மேற்பார்க்கும் பொருட்டு ஜெரமியின் தம்பி சாமுவேல் பெந்தாம் எண்ணிய அமைப்பே அது. தம்பியைக் காணச் சென்ற அண்ணன் அதனைச் சிறைக்கும் பிற நிறுவனங்களுக்கும் விரித்துரைத்தார். தொழிலாளியை நோக்கிய பார்வையே கைதியை நோக்கிய பார்வைக்கு முன்மாதிரியாயிற்று என்பது இதனால் விளங்கும்.

திரைப்பட வரலாறும் இத்தகைய ஒரு பார்வையிலிருந்தே தொடங்குகிறது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் கட்டணம் பெற்றுக் காட்டப்பட்ட படங்களுள் ஒன்று, லியோன் நகரில் லூமியேர் குடும்பத்தாரின் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சியாகும். படம்பிடித்தவர்கள் முதலாளிகள், படத்தில் இருந்தோர் அவர்களிடம் கூலி பெற்றோர். இப்படத்திற்கு மூன்று வடிவங்கள் உள்ளன. இயல்பாக ஒருமுறை நிகழ்ந்த வெளியேற்றம் அன்று அது. படத்திற்காக மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்பட்ட ஒன்று என்பதை அவை புலப்படுத்துகின்றன.

அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் இணையர் 1912 முதல் தொழிலாளரின் கையசைவுகளைக் கடிகாரத்துடன் சேர்த்துப் படம்பிடித்து, வேலையைச் சிறுசிறு அசைவுகளாகப் பகுத்தனர். களைப்பைக் குறைப்பதும் அவர்களின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. எனினும் விளைவில் ஒரு மாற்றம் நேர்ந்தது. அதுவரை கைவினைஞனின் உடலில் மட்டுமே இருந்த வேலைநுட்பம், படச்சுருளில் ஏறி மேலாண்மையின் உடைமையாயிற்று. படப்பதிவுக்கு இரு முகங்கள் உண்டு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒன்று தொழிலாளியைக் காவல் செய்வது. மற்றொன்று தொழிலாளியிடமிருந்து தொழிலை எடுத்துக்கொள்வது.

முதலாளி தரப்பின் நியாயங்கள்

படப்பதிவை விரும்பும் முதலாளி தரப்பில் நியாயமே இல்லை எனத் தள்ளுவது பொருந்தாது. பொருள் களவுபோவதைத் தடுத்தல், விபத்தின் காரணத்தை அறிதல், பணப்பரிமாற்றத்தில் ஐயம் நீக்கல், பணியாளரையும் வாடிக்கையாளரையும் காத்தல் ஆகியன மெய்யான தேவைகளே. பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளான பணியாளர் ஒருவரைப் படப்பதிவே காப்பாற்றுவதும் உண்டு. திருக்குறளும் இத்தரப்புக்கு இடமளிக்கிறது. வினைசெய்வான் கோடாதிருப்பதை மன்னன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்கிறது 520ஆம் குறள். வினைசெய்வார், சுற்றத்தார், பகைவர் என்னும் மூவகையினரையும் ஆராய்வதே ஒற்று என்கிறது 584ஆம் குறள்.

இக்குறள்களைப் பணியிடக் கேமராவுக்குச் சான்றாகக் கொள்ள முற்படுவோர் இரண்டு செய்திகளை நோக்குதல் வேண்டும். முதலாவது, ஈண்டு வினைசெய்வார் என்பார் அரசவினை மேற்கொண்டோர். குடிகள்மீது அதிகாரம் செலுத்த வல்லவர். அவர் கோடினால் உலகு கோடும் என்பதே ஆராய்ச்சிக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அதாவது அதிகாரம் உடையோரை நோக்கிய பார்வை அது. நாள் முழுதும் நின்று துணி விரித்துக் காட்டும் பெண்ணின் வினை அத்தகையதன்று. இரண்டாவது, ஆராயப்படுவது கோடாமை. ஒவ்வோர் அசைவும் அன்று. தெரிந்துவினையாடல் அதிகாரத்திலேயே, இதனை இவன் முடிப்பான் என ஆராய்ந்தபின் அதனை அவனிடம் விட்டுவிட வேண்டும் என 517ஆம் குறள் கூறுகிறது. ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது 510ஆம் குறளின் கருத்து. இடைவிடாத படப்பதிவு என்பது பணியில் அமர்த்தியபின் இடைவிடாது ஐயுறுவதே அன்றி வேறில்லை.

நியாயமான ஐயம் எழுந்த இடத்தில் என் செய்வது என்பதற்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஆராய்ந்த ஸ்பெயின் நாட்டு வழக்கு எடுத்துக்காட்டாகும். 2009இல் ஒரு பேரங்காடியில் இருப்புக் குறைவதைக் கண்ட மேலாளர், வாயிலில் வெளிப்படையாகவும் பணம் பெறும் மேசைகளின்மேல் மறைவாகவும் கேமராக்களை வைத்தார். பத்து நாள் பதிவின் அடிப்படையில் பதினால்வர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 2018இல் அந்நீதிமன்றத்தின் ஓர் அமர்வு இதனை உரிமை மீறல் என்றது. 2019 அக்டோபர் 17 அன்று பேரமர்வு 14க்கு 3 என்னும் பெரும்பான்மையில் மீறல் இல்லை என்றது. பெருந்தவறு நடந்ததற்கான நியாயமான ஐயம், குறுகிய காலம், குறுகிய இடம் ஆகியனவே அம்முடிவுக்குத் துணைநின்றன. மறைவுக் கேமராவுக்குப் பொது உரிமம் வழங்கிய தீர்ப்பாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

பணியிடமும் தன்வாழ்வும்

பணியிடம் பலர் கூடும் இடம். அங்கு அந்தரங்கம் ஏது என்பது அடிக்கடி எழுப்பப்படும் தடை. மாண்டினீக்ரோ பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் 2011இல் ஏழு விரிவுரைக் கூடங்களில் கேமராக்கள் பொருத்தப்பட்டபோது இத்தடையே முன்வைக்கப்பட்டது. மக்களையும் உடைமையையும் காப்பதும், கற்பித்தலைக் கண்காணிப்பதும் நோக்கங்களாகக் கூறப்பட்டன. பேராசிரியர் இருவர் இதனை எதிர்த்தனர். விரிவுரைக் கூடம் பொதுவிடம் என்று கூறி அந்நாட்டு நீதிமன்றங்கள் அவர்களுக்கு இழப்பீடு மறுத்தன. 2017 நவம்பர் 28 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் 4க்கு 3 என்னும் பெரும்பான்மையில், அவர்களின் தன்வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது எனத் தீர்ப்பளித்தது. ஆசிரியர் அக்கூடத்தில் பாடம் நடத்துவதோடு நில்லாமல் மாணவருடன் உறவு கொண்டு தம் சமூக அடையாளத்தையும் உருவாக்கிக்கொள்கிறார் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. கற்பித்தலைக் கண்காணித்தல் என்னும் நோக்கத்திற்கு அந்நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை என்பதும் சுட்டப்பட்டது.

இக்கருத்து வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. மனிதர் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி பணியிடத்தில் கழிகிறது. நட்பு, நகை, சோர்வு, துயரம் ஆகிய அனைத்தும் அங்கும் நிகழ்கின்றன. உழைப்பை விற்றவர் இவற்றையும் சேர்த்து விற்றவர் ஆகார். கூலி ஒப்பந்தத்தின் பொருள் வேலை. வேலை செய்யும் மனிதரின் முகமும் உடலும் மெய்ப்பாடும் அதன் பொருளல்ல.

இசைவும் அதன் வெறுமையும்

இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில், அந்தரங்க உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் அடிப்படை, முறையான நோக்கம், நோக்கத்திற்கு ஏற்ற அளவு ஆகியன அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தும் அரசின் செயலுக்கு அளவைகளாயின. தனியார் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவை ஒழுங்குசெய்வது சட்டமன்றத்தின் பணியாக எஞ்சியது.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்பணியில் ஒரு பகுதியையே செய்துள்ளது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன; முதன்மையான கடமைகள் பதினெட்டு மாதங்களுக்குப் பின் நடைமுறையாகும் வகையில் அவை அமைந்தன. இசைவு என்பது தடையற்றதாகவும், குறித்த நோக்கத்திற்கு உரியதாகவும், அறிந்து அளிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என 6ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் வேலைவாய்ப்பின் பொருட்டும், முதலாளியை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காக்கும் பொருட்டும் இசைவு இன்றியே தரவைக் கையாளலாம் என 7ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இவ்விலக்கில் ஓர் உண்மை ஒளிந்துள்ளது. வேலையை இழக்க அஞ்சும் ஒருவர் தரும் இசைவு தடையற்ற இசைவாகாது. பணியாணையோடு இணைத்து நீட்டப்படும் படிவத்தில் கையொப்பமிடாதிருக்கும் துணிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவ்வகையில் இசைவு என்னும் ஒப்பனையைச் சட்டம் கைவிட்டது ஒருவாறு நேர்மையானதே. ஆனால் கைவிட்ட இடத்தில் வேறொன்றை வைக்கவில்லை என்பதே குறை. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தம் தரவு யாது எனக் கேட்டறியும் உரிமையையும், திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையையும் 11, 12ஆம் பிரிவுகள் இசைவு அளித்தவர்க்கே வழங்குகின்றன. இசைவு கேட்கப்படாத தொழிலாளி, கேட்கப்படாததனாலேயே இவ்வுரிமைகளையும் இழக்கிறார். தம்மைப் பற்றிய பதிவைத் தாமே காண வழியற்றவராக அவர் நிறுத்தப்படுகிறார்.

செருமனியில் இவ்விடம் வெறுமையாக விடப்படவில்லை. தொழிலாளரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கவல்ல தொழில்நுட்பக் கருவிகளைப் புகுத்துவதிலும் பயன்படுத்துவதிலும் தொழிலாளர் மன்றத்திற்கு உடன்முடிவெடுக்கும் உரிமையை 1972ஆம் ஆண்டின் சட்டம், தன் 87ஆம் பிரிவில் வழங்கியுள்ளது. தனியொருவரின் இசைவு அச்சத்தால் வலுவிழக்குமிடத்தில் கூட்டான இசைவு அதனை ஈடுசெய்கிறது. இந்தியாவில் பணி நிபந்தனைகள் சிலவற்றை மாற்றுமுன் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அதனைத் தொடர்கிறது. ஆனால் முன்னறிவிப்புக்குரிய பட்டியலில் கண்காணிப்புக் கருவி எனத் தனியே ஓர் இனம் இல்லை.

விதியும் பார்வையும்

கண்காணிப்பு தனித்து நிற்பதில்லை. ஏதேனும் ஒரு விதியைக் காப்பதற்காகவே நிற்கிறது. அவ்விதி கொடியதாயின் கண்காணிப்பு அக்கொடுமையை முழுமையாக்குகிறது. கேரளத்துத் துணிக்கடைகளில் பணிபுரிந்த பெண்கள் வேலைநேரம் முழுதும் நிற்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் இல்லாதபோதும் அமர்வதற்குத் தடை. கோழிக்கோட்டில் உருவான பெண்கூட்டு என்னும் அமைப்பு உள்ளிட்டோர் இதனை எதிர்த்துப் போராடினர். சுவரில் சாய்வதையும் உடன் பணிபுரிவோருடன் பேசுவதையும் கேமரா வழியே கண்டு தண்டம் விதித்தனர் என்பது அப்பெண்களின் முறையீடுகளுள் ஒன்று. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் அமரும் உரிமையைச் சட்டமாக்கின. கேமரா இல்லாத காலத்திலும் அவ்விதி இருந்திருக்கலாம். அப்போது கால் கடுத்த பெண் ஒரு நொடி சாய்ந்தால், கண்டும் காணாததுபோல் நகர்ந்துவிடும் மேற்பார்வையாளர் இருக்க இடமிருந்தது. கண்ணோட்டம் என்று வள்ளுவர் கூறியது அந்த நகர்தலையே எனலாம். கேமரா அவ்விடத்தை அடைத்துவிட்டது.

அரசே வேலை அளிப்பவராக நின்ற இடத்திலும் இதே சிக்கல் எழுந்தது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பணித்தலங்கள் அனைத்திலும், 2023 சனவரி 1 முதல், கைப்பேசிச் செயலி வழியாக நாளுக்கு இருமுறை தொழிலாளரைப் படமெடுத்து வருகைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. போலி வருகையைத் தடுப்பது நோக்கம், அந்நோக்கம் தகுதியானதே. ஆனால் இணைய இணைப்பு இல்லாமையாலும் செயலியின் கோளாறாலும் படம் ஏறாதபோது, செய்த வேலைக்குக் கூலி கிடைக்கவில்லை என்னும் முறையீடுகள் எழுந்தன. 2023இல் தொழிலாளர் தில்லியில் நெடுநாள் போராட்டம் நடத்தினர். மறுபுறம், தொடர்பற்ற படங்களும், படத்தையே மீண்டும் படமெடுத்த படங்களும் பதிவேற்றப்படுவதை ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 சூலையில் மாநிலங்களுக்குச் சுட்டிக்காட்டியது. ஏய்ப்பவர் படத்தையும் ஏய்த்தார். ஏய்க்காதவர் படத்தால் இழந்தார். மண் வெட்டப்பட்டதா என்பதைக் காட்டிலும் படம் ஏறியதா என்பது முதன்மை பெற்றது. ஒருவர் கூறியதை மற்றோர் ஒற்றால் ஒத்துப்பார்க்க வேண்டும் என்கிறது 588ஆம் குறள். படமும் ஓர் ஒற்றே. அது மட்டுமே சான்றாகி, தொழிலாளியின் சொல் சான்றாகாமற் போவது முறையன்று.

திறனின் உடைமை

கில்பிரெத் இணையர் தொடங்கிய இரண்டாம் முகம் இன்று புதிய வலிமை பெற்றுள்ளது. எந்திரங்களுக்கு மனிதக் கைவேலையைக் கற்பிப்பதற்காக, நெற்றியில் கேமரா அணிந்து துண்டு மடித்தல் போன்ற வேலைகளைச் செய்து பதிவாக்கும் பணி கரூரில் நடைபெறுவது பற்றி 2025இல் செய்திகள் வெளிவந்தன. இங்குப் படப்பதிவே வேலை. அதனை அறிந்தே பணியாளர் ஏற்கின்றனர். ஆனால் தையலுக்கும் நெசவுக்கும் அமர்த்தப்பட்டவரின் கைகளை, மேற்பார்வை என்ற பெயரில் பதிந்து, பின்னர் எந்திரத்திற்குப் பாடமாக்கினால் அது வேறொரு பரிமாற்றமாகும். அன்றைய கூலி அன்றைய வேலைக்கு உரியது. கேமராவில் ஏறிய திறனோ அவர் வேலையை விட்டபின்னும் உழைக்கும். அவர் வேலையையே இல்லாமற் செய்யவும் கூடும். ஆதலின் ஒரு நோக்கத்திற்கு எடுத்த பதிவை மறு நோக்கத்திற்குப் பயன்படுத்துதல், கொடுக்கப்படாத பொருளை எடுத்துக்கொள்வதற்கு நிகராகும்.

அறநெறி அளவுகோல்

கருமம் சிதையாமல் கண்ணோட வல்லவர்க்கு இவ்வுலகு உரியது என்பது 578ஆம் குறளின் கருத்து. கருமமும் கண்ணோட்டமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டையும் ஒருங்கே காப்பதே ஆள்வோரின் திறன். இதனைப் பணியிடத்திற்குப் பொருத்தின், கருமம் சிதையும் என்பதைக் காட்டவேண்டிய பொறுப்பு படம்பிடிக்க விரும்புபவரையே சாரும். பொருளறையின் வாயிலில் கேமரா வைப்பதற்கு அவர் காரணம் காட்ட இயலும்; உணவு உண்ணும் அறையில் வைப்பதற்கு இயலாது. உடைமாற்றும் அறைபற்றி வாதமே இல்லை. அங்குப் படமெடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது.

எங்கே, எதற்காக, எத்தனை நாள், யார் பார்வைக்கு என்பனவற்றைத் தொழிலாளர்க்கு முன்னரே அறிவித்தலும், அவர்தம் சங்கத்தோடு கலந்து முடிவெடுத்தலும் அடுத்த நிலையாகும். பதிவின் அடிப்படையில் ஒருவர்மீது நடவடிக்கை எடுக்குமுன் அப்பதிவை அவருக்குக் காட்டி அவர் விளக்கத்தைக் கேட்டல் வேண்டும். தாக்கப்பட்டோ விபத்துற்றோ முறையிடும் தொழிலாளிக்கு அதே பதிவு சான்றாகக் கிடைத்தல் வேண்டும். முதலாளிக்கு மட்டும் சான்றாகி, தொழிலாளி கேட்கும்போது அழிந்துபோகும் பதிவைப் பாதுகாப்பு என்று அழைத்தல் தகாது. தன்னை நோக்கித் திரும்பினால் ஒருவர் ஏற்கமாட்டாத பார்வையைப் பிறர்மேல் செலுத்துவது நடுவுநிலைமை ஆகாது என்பது இவையனைத்திற்கும் அடிப்படையாகும்.

முடிவுரை

பணியிடப் படப்பதிவை முற்றிலும் விலக்குவதும் முற்றிலும் ஏற்பதும் அறமாகா. கூலி, வேலையைப் பெறுகிறது. வேலை செய்பவரின் முழு இருப்பையும் பெறுவதில்லை. தனியொருவரின் இசைவு அச்சத்தால் வெறுமையாகும் இடத்தில், கூட்டான முடிவும் பதிவைக் காணும் உரிமையுமே தொழிலாளியைக் காக்க வல்லன. இந்தியச் சட்டத்தில் இவ்விரண்டும் இன்னும் நிரப்பப்படாத இடங்களாக உள்ளன. ஒற்றாடலுக்கு முன் கண்ணோட்டத்தை வைத்த நூல்மரபு, அறியும் பார்வைக்கு இரங்கும் பார்வை முற்பட வேண்டும் என்பதை உணர்த்துகிறது. கேமராவுக்குக் கண் உண்டு, கண்ணோட்டம் இல்லை. இல்லாத அதனை விதியாலும் வரம்பாலும் ஈடுசெய்வது, கேமராவை வைப்பவரின் கடமை என்பது இவ்வாய்வின் முடிபாகும்.